ஆயிரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகள்

1

கோவில்பட்டியிலிருந்து யார் போன் பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்துவிடும். "சனிக்கிழமை லீவுதான, எங்கட்டி போற?" நான் பதில் சொன்னதும் எதிர்முனையில் சிரிப்பு. "ஃபாக்ஸ்ப்ரோவா? அது இன்னுமா இருக்கு?"

கேட்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு, கணக்கும் பட்டியலும் வைக்க உதவும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தவர்கள். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளக் கணக்கை அதில் எழுதிப் பழகினோம். பிறகு அவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். நான் கல்யாணமாகிக் கொல்கத்தா வந்தேன். கிடர்பூரில், கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்யும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே எல்லாமே ஃபாக்ஸ்ப்ரோ. மறக்க எனக்கு யாரும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை.

இதைப் புலம்பெயர்வு என்று சொன்னால் துபாயில் இருக்கும் என் நாத்தனார் சிரிப்பாள். பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாய் மாற்ற வேண்டாம், ரயிலில் ஏறிப் படுத்தால் வந்துவிடலாம். ஆனால் காய்கறி வாங்கவும், டாக்டரிடம் வலியைச் சொல்லவும், பெற்ற பிள்ளையிடம் கோபப்படவும் கூட இன்னொரு பாஷை வேண்டியிருக்கிறதே, அதை வேறு என்னவென்று சொல்ல?

போனில் கேட்கிற அந்தக் கேள்விக்கு எப்போதும் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். இந்த வாரம் முடியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கரியாஹாட் முனையில் புடவைக் கடை ஒன்றின் மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அங்கே வகுப்பு கிடையாது. அந்த அறையை எங்களுக்குச் சும்மா விடுகிறார்கள். ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்த நாலைந்து பேர் கூடுவோம். எலுமிச்சை டீ வரும். கீழே நடைபாதைக் கடைக்காரர்கள் விலை கூவுவது மேலே எங்கள் காதுக்குள்ளேயே கேட்கும்.

எங்களிடம் வருகிறவர்கள் பழைய புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். ஹோமியோபதி மருந்துக் கடை, சணல் வியாபாரி, பள்ளிக்கூட ஆபீஸ், சின்ன நர்சிங் ஹோம். எப்போதோ ஒருவர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அவர் செத்துப்போயிருப்பார், அல்லது அமெரிக்கா போயிருப்பார். போன் எடுக்காத விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். புதிதாக வாங்கச் சொல்லிப் பலர் வந்துபோயிருப்பார்கள், வாங்கியதும் மூலையில் கிடக்கும். கடைசியில் யாரோ எங்கள் நம்பரைக் கொடுப்பார்கள்.

குழுவை ஆரம்பித்தவர் அசீம்தா, அதாவது அசீம் அண்ணன். அரசாங்க ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்திவிட்டுத்தான் நிறுத்துவார். என் பெயர் செல்வி. அவருக்கு அது வாயில் வராது. "ஷெல்பி" என்பார். மற்ற எல்லோருக்கும் அதனால் நான் ஷெல்பி திதி, ஷெல்பி அக்கா.

அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. நாங்கள் சரி செய்யப் போய் எதையாவது கெடுத்துவிட்டால், எந்தக் கை கெடுத்ததோ அந்த ஆள்தான் உரியவருக்குப் போன் செய்ய வேண்டும். பெரியவர், சின்னவர், பாஷை தெரிந்தவர், தெரியாதவர் என்ற சலுகை கிடையாது. வந்த புதிதில் எனக்கு இது பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவது மாதிரி இருந்தது. கேட்டேவிட்டேன்.

"தண்டனை இல்ல ஷெல்பி," என்றார். "வேற ஆள் பேசினா தப்பு சின்னதாயிடும். 'ஒரு சின்ன பிராப்ளம்'னு ஆரம்பிப்பாங்க. பண்ணினவன் பேசினாத்தான் என்னென்ன பண்ணினான்னு முழுசா வெளிய வரும். முழுசா தெரியாம எதைச் சரி பண்றது?"

நானும் ஒத்துக்கொண்டேன். என் பிள்ளை சம்பந்தப்படாதவரை எந்த நியாயத்தையும் ஒத்துக்கொள்வது எனக்குச் சுலபம்.

3

என் மகள் கயல்விழி ஜாதவ்பூரில் கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்து வீட்டார் முதல் நாளிலேயே அவளைக் "கோயல்" ஆக்கிவிட்டார்கள், இங்கே பெண் பிள்ளைகளுக்கு அது சகஜமான பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கிளார்க் "டைட்டில் என்ன?" என்று கேட்டார். டைட்டில் என்றால் இவர்களுக்குக் குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படியொன்று இல்லை, இனிஷியல்தான் என்று நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்பா பெயரை டைட்டில் ஆக்கி, "கோயல் முருகேசன்" என்று எழுதி முடித்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் கயல்விழி, மார்க்‌ஷீட்டில் கோயல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அலிப்பூர் கோர்ட் வாசலில் முத்திரைத் தாளில் டைப் அடித்து வாங்கினோம். அதிலும் பிழை. திரும்ப அடித்தோம். அந்தத் தாளை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள், கேட்கிற ஆபீஸ்களும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

வீட்டில் அவளிடம் நான் தமிழில் பேசுவேன், அவள் கொஞ்சம் தமிழிலும் மீதியை வங்காளத்திலும் பதில் சொல்வாள். கோபம் வந்தால் முழுக்க வங்காளம். என் வங்காளம் கோபத்துக்கு உதவாது, சந்தைக்கு மட்டும் போதும். அதனால் சண்டைகளில் எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அவளுடைய சிநேகிதிகள் வந்தால் நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர்கள் சிரிக்கிற வேகத்துக்கு எனக்கு அர்த்தம் பிடிபடாது.

வெளியே யாராவது அவளிடம் கேள்வி கேட்டால் மட்டும் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். டாக்டர் கேட்டாலும் சரி, டிக்கெட் பரிசோதகர் கேட்டாலும் சரி. "நானே சொல்லுவேன்ல?" என்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்தாலும் நான் விட்டதில்லை.

இப்படிப்பட்டவள் பூஜை லீவு முடிந்து ஒருநாள், "அம்மா, நானும் சனிக்கிழமை உன்கூட வரட்டா?" என்றாள். அந்தப் பழைய புரோகிராமை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அன்று கரியாஹாட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அசீம்தாவுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் அவரை ஜேட்டு, அதாவது பெரியப்பா, ஆக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் வங்காளத்தில் வாயாட, நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் கம்ப்யூட்டர் படிக்கிறவள், ஒரு மாதத்துக்குள் ஃபாக்ஸ்ப்ரோ அவளுக்கு வசப்பட்டுவிட்டது.

4

கிடர்பூரில் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ரத்த மையம் இருக்கிறது. தலசீமியா பிள்ளைகளுக்கானது. இந்தப் பிள்ளைகளின் உடம்பு போதுமான ரத்தத்தைத் தானே உண்டாக்காது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்றினால்தான் நடமாட்டம்.

இப்படி வருஷக்கணக்கில் ஏற்றும்போது, சில பிள்ளைகளின் உடம்பு மற்றவர்களின் ரத்தத்தில் உள்ள சில உட்பிரிவுகளை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. நாம் கேள்விப்பட்ட ஏ, பி, ஓ-வுக்கும் உள்ளே இன்னும் பல பிரிவுகள் இருக்கின்றன. அந்த எதிர்ப்பு கொஞ்ச நாளில் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். எல்லாம் சரி என்றுதான் சோதனை சொல்லும். அதை நம்பி அதே வகையை மறுபடி ஏற்றினால் உடம்பு விழித்துக்கொண்டு, ஏறிய ரத்தத்தை உள்ளேயே உடைத்துப்போடும். உயிருக்கே ஆபத்து. ஆகவே இன்ன பிள்ளைக்கு இன்ன வகை ஆகாது என்ற பழைய குறிப்புதான் காவல். அந்தக் குறிப்புகள் இருப்பது ஃபாக்ஸ்ப்ரோவில்.

அதைக் கவனித்துக்கொள்பவர் சுதபா. எனக்குச் சுதபாதி, கயலுக்குச் சுதபா மாஷி, அதாவது சித்தி. அவருடைய மகனுக்கும் இதே நோய், அதே மையத்தில்தான் வளர்ந்து ஆளானான். ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய நாள், பிள்ளையின் கார்டு நம்பரை அடித்து ஒரு சீட்டு எடுப்பார். அதைப் பார்த்துத்தான் ரத்த வங்கி பையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். பிள்ளையின் விவரம் ஒரு ஃபைலில், நம்பரும் பெயரும் ஆகாத வகையும் இன்னொரு ஃபைலில். இரண்டாவது ஃபைலில் அந்த நம்பர் கிடைக்காவிட்டால் புரோகிராம் சத்தம் போடாது. சீட்டில் "ஆகாதது: இல்லை" என்று அடித்துக் கொடுத்துவிடும்.

இரண்டாவது ஃபைல் மெதுவாகிவிட்டது, ஒரே பிள்ளையின் குறிப்பு இரண்டு மூன்று தடவை ஏறியிருக்கிறது என்று சுதபாதி சொன்னார். கயல் தானே முன்வந்தாள். ஃபைலை எக்செலுக்கு எடுத்து, இரட்டிப்பாக இருந்ததைக் கழித்து, திரும்ப உள்ளே போட்டு, வியாழக்கிழமை தனியாகப் பஸ் பிடித்துக் கிடர்பூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கு முன் என்னிடம் காட்டினாள். நான் இரண்டு மூன்று நம்பர்களை அடித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. "நல்லாருக்குட்டி," என்றேன்.

அன்று திரும்பி வந்தவள் வழக்கத்துக்கு மாறாக என்னோடு சமையலறையில் நின்று பேசினாள். அங்கே ருபினா என்று ஒரு பெண்ணாம், பன்னிரண்டு வயசாம். சனிக்கிழமை ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய சோதனைக்காக அம்மாவோடு வந்திருந்தாளாம். கயலின் காதில் இருந்த தோட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் உன்கிட்ட நல்லா இருக்கு," என்றாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுடைய ஒரு கதை எனக்கு முழுசாகப் புரிந்திருந்தது.

5

அந்தச் சனிக்கிழமை மதியம் குழுவில் எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கயல் லேப்டாப்பைத் திறந்தாள். அசீம்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். திரையில் கார்டு நம்பர் வரிசை.

அந்த வரிசை எனக்குப் பழக்கமானது. எல்லா நம்பரும் நாலு இலக்கம், இரண்டு ஓரமும் வெட்டி வைத்தது போல நேராக நிற்கும். இப்போது வலது ஓரம் பொக்கை வாயாக இருந்தது. சிலது நாலு இலக்கம், சிலது மூன்று, சிலது இரண்டு.

எக்செல் முன்னால் நிற்கும் சைபர்களை விழுங்கிவிடும், எங்கள் தொழிலில் அடிபட்டவர்களுக்கு அது தெரியும். கயல் அடிபடாதவள். கார்டில் இருப்பது 0214. ஃபைலில் இப்போது 214. சுதபாதி கார்டைப் பார்த்து 0214 என்று அடிப்பார், புரோகிராம் தேடும், கிடைக்காது, "இல்லை" என்று சீட்டு வரும். ஆயிரத்துக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் அவர்களுடைய நம்பர்தான். ஆயிரத்துக்குக் கீழே உள்ளவர்கள் பழைய பிள்ளைகள், அதிக வருஷம் ரத்தம் ஏற்றியவர்கள். ஆகாத வகை அவர்களுக்குத்தான் அதிகம்.

புது ஃபைல் போனது வியாழன். வெள்ளிக்கிழமை சீட்டு எடுத்திருப்பார்கள். இன்றைக்கு ஏற்றும் நாள்.

அசீம்தா இன்னும் கண்ணாடியைத் துடைத்து முடிக்கவில்லை. கயல் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சந்தோஷம். நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். சுதபாதியின் நம்பரைப் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வங்காளத்தில் கோத்து வைத்திருந்தேன். என் தப்பு, நான்தான் ஃபைலைத் தொட்டேன், சைபர் போய்விட்டது, ரத்தத்தை நிறுத்துங்கள், அரை மணியில் சரி செய்து அனுப்புகிறேன். கயல் பெயர் அதில் எங்கேயும் இல்லை. இது தெரிந்தால் அவள் இந்தப் படிக்கட்டை மறுபடி மிதிக்கமாட்டாள், என் பக்கமும் திரும்பமாட்டாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. ஒரு மாதமாகத்தான் எனக்கு அவள் கிடைத்திருந்தாள். அங்கே பிள்ளைகள் படுக்கையில் கிடக்கும் நேரத்தில் எனக்கு இந்தக் கணக்கு ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

"யாருக்கும்மா?" பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லட்டி, நீ உள்ள போ."

"அசீம் ஜேட்டு இப்பதான் கேட்டார், நம்பர் ஏன் குட்டை நெட்டையா இருக்குன்னு." அவள் குரல் உள்ளே போயிருந்தது. "ஜீரோ போயிடுச்சு, இல்ல?"

நான் தலையாட்டினேன்.

"போனைக் குடு."

"நான்தான பாத்துச் சரின்னு சொன்னேன். நான் பேசுதேன். நீ சும்மா இரு."

"நீ எக்செல்லைத் தொறக்கவே இல்லம்மா. நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியாது. குடு."

கொடுக்கவில்லை. என் கையிலிருந்து அவளே பிடுங்கிக்கொண்டாள். இந்த முறை மணி அடித்தது.

6

ஸ்பீக்கரில் போட்டாள். அசீம்தாவும் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சுதபா மாஷி, நான் கோயல். நான் கொடுத்த ஃபைல் தப்பு. இன்னைக்கு யாருக்கும் ரத்தம் ஏத்தாதீங்க, ஏறிட்டு இருந்தா நிறுத்துங்க. ஆயிரத்துக்குக் கீழ நம்பர் உள்ள யாருக்கும் சீட்டை நம்பாதீங்க." என்ன செய்தாள் என்பதை வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. நான் பேசியிருந்தால் இதற்குள் மன்னிப்புதான் பாதி ஓடியிருக்கும்.

"ரெண்டு பேருக்கு ஓடிட்டு இருக்கே," என்றார் சுதபாதி. நம்பரைச் சொன்னார். அசீம்தா தன் லேப்டாப்பில் வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்து பார்த்தார். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆகாதது என்று எதுவும் கிடையாது. மூச்சு வந்தது.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சைபரைத் திரும்பச் சேர்த்தால் எல்லாம் சரி. நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன்.

"இன்னொண்ணு மாஷி," என்றாள் கயல். "ரெட்டையா இருந்ததைக் கழிச்சேன்ல, பேரை வச்சுத்தான் கழிச்சேன். ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா ஒண்ணை எடுத்துட்டேன்."

"பேரை வச்சா?" என்றார் சுதபாதி. "கோயல், இங்க ருபினா காதூன் ரெண்டு பேர் இருக்காங்க."

போன் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. பிறகு மின்விசிறி, யாரோ ஒரு குழந்தையின் இருமல், தூரத்தில் லாரி ஹாரன். அசீம்தா பழைய பிரதியில் தேடி, விரலைத் திரையில் வைத்துக் காட்டினார். இரண்டு பேரில் பெரியவளுக்கு, கயலின் தோட்டைப் பிடித்துப் பார்த்த அந்த ருபினாவுக்கு, ஆகாத வகை இரண்டு; கழிக்கப்பட்டது அவளுடைய வரிதான். கயல் அதைப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் படிக்கட்டில் ஒரு குழந்தையின் இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"ஊசி போட்டாச்சு, பை மாட்டியாச்சு," என்று மூச்சிரைத்தார் சுதபாதி. "திறக்கல. தலைமுடியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு பொண்ணு முரண்டு பண்ணியிருக்கா. சிஸ்டர் அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப கழட்டச் சொல்லிட்டேன்."

கயல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அதோடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுத முடியாது. ருபினாவுக்கு ஒத்துவரும் ரத்தம் அன்று கிடைக்கவில்லை. வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் இளைக்கும் நிலையில் இருந்த பிள்ளையை ஊசி போட்ட கையோடு திருப்பி அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். சாயங்காலம் சுதபாதி கூப்பிட்டார். ருபினாவின் அம்மா ஷப்னம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். இதைச் செய்தது யாரோ, அவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து தன் முன்னால் நிற்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் இரண்டு பாஷையிலும் பேச்சில்லை. அவளும் அசீம்தாவும் கார்டு கார்டாக ஒப்பிட்டு ஃபைலை முழுக்கச் சரி செய்தார்கள். நான் சாப்பாட்டை மேஜையில் வைத்தேன். ஒருமுறை மட்டும் அவளாக வாய் திறந்தாள். "நீ போன் பண்ணி உன் பேரைச் சொல்லியிருந்தா, ஜீரோவை மட்டும் சரி பண்ணியிருப்போம். ருபினாவுக்குத் திரும்பவும் 'இல்லை'ன்னுதான் வந்திருக்கும். தெரியுமா?" தெரியும் என்றேன்.

7

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போகாமல் அவள் கிளம்பினாள். நானும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஒட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பஸ் கிடர்பூருக்குள் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் ஊர்ந்தது. நான் தினமும் வேலைக்கு வருகிற வழிதான், அன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தமும் எனக்குப் பகையாக இருந்தது. அந்த அம்மா கை ஓங்கிவிட்டால் குறுக்கே விழ வேண்டும் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ஷப்னம் என்னைவிட ரொம்பச் சின்னவள். துணி தைக்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசிக் காயம். மகளின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவள், எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். யார் என்று கேட்கக்கூட இல்லை, கயலைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, மன்னித்துவிடு, தெரியாமல் செய்துவிட்டாள், சின்னப் பெண் என்றேன்.

"என்னோடதும் சின்னப் பொண்ணுதான், அக்கா," என்றாள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு கயல் பேசினாள். சைபரைப் பற்றியும் பெயரைப் பற்றியும், ஒளிக்காமல், பள்ளிக்கூடம் போகாத ஒருத்திக்கும் புரிகிற மாதிரி வங்காளத்தில் சொன்னாள். ஷப்னம் நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள். "பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?"

"இல்ல," என்றாள் கயல். "நான் யோசிக்கல."

ஷப்னம் கட்டிலின் மறுபக்கத்து ஸ்டூலைக் காட்டினாள். கயல் உட்கார்ந்தாள். எனக்கு யாரும் இடம் காட்டவில்லை, நான் சுவரோரம் நின்றேன். சிஸ்டர் பையைக் கொண்டுவந்தார். சீட்டையும் பையையும் ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமாக சுதபாதிதான் வருவார். ஷப்னம் அவரைக் கையமர்த்தி, கயலிடம் சீட்டைக் கொடுக்கச் சொன்னாள். கயல் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். ஆகாத வகைகளை வாசித்தாள். பையில் இருந்ததை வாசித்தாள். திரும்ப ஒருமுறை ஷப்னம் வாசிக்கச் சொன்னாள், வாசித்தாள். அதற்குப் பிறகுதான் சிஸ்டர் குழாயைத் திறந்தார்.

மதியம் வரை சொட்டுச் சொட்டாக இறங்கியது. ருபினாவுக்கு நடந்தது பாதிதான் தெரியும் போல. கொஞ்ச நேரம் கயலை முறைத்தாள். பிறகு அவள் போனைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த படங்களையெல்லாம் தள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றையும் குறை சொன்னாள். கயல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், ஆனால் கண் மட்டும் பையிலேயே இருந்தது. பிள்ளையின் உதட்டுக்கு மெல்ல மெல்ல நிறம் வந்தது. அதைப் பார்த்தபோது நான் அழுதேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, இருமல் மாதிரி சமாளித்தேன்.

பை காலியானதும் சிஸ்டர் ஊசியைக் கழற்றினார். கயல் எழுந்தாள். எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நான் என் கைப்பையைத் தோளில் மாட்டினேன்.

"அடுத்த தடவையும் வா," என்றாள் ஷப்னம். "சீட்டு எடுக்கிற அன்னிக்கும் வா, ஏத்துற அன்னிக்கும் வா. நீ வாசிச்சாத்தான் திறக்க விடுவேன். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அடுத்த ஜூலையில் கயலுக்குப் பெங்களூரில் வேலை. போன மாதம்தான் கடிதம் வந்தது. நம்ம ஊர் பக்கம் போகிறாள், வாரக் கடைசியில் கோவில்பட்டிக்குக்கூட ரயில் ஏறலாம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவள் நான். அது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. இவள் ஊரைவிட்டுப் போகப் போகிறாள் அம்மா, அதற்குப் பிறகு நான் வருகிறேன், என்று சொல்ல வாயெடுத்தேன்.

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொல்லிவிடப் போகிறேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் அப்படியே தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

"வரேன்," என்று அவள் ஷப்னத்திடம் வங்காளத்தில் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.